ஒன்பதாம் விதிப்படி ஒரு வாய்க்கால்

பதினோரு வருடமாக நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதுவது, கழிப்பறை கழுவுவது, காகம் கிளறிப் போட்ட குப்பையைக் கூட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? பழைய இரும்பாலையின் சிதைவுகளைக் காட்டிக்கொண்டு போகும்போது, கரி சுட்ட குழிகளையும் கூரை போன கொட்டகையையும் தாண்டி ஏழாம் எண் இடத்துக்கு வந்ததும், அங்கே மூன்று ஆள் உயரத்துக்குக் கல்லால் கட்டி நிற்கிற உலையைக் காட்டி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். ரொட்டிக் கடை வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், அவர் மகள், அவள் புருஷன். வண்டி புருஷனுடையது. ரொட்டி சுடுகிறவன், முழங்கை வரை முடி கருகிப்போன ஆள். மகள் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவள். கொண்டுவந்த கூடாரத்தையே அவள்தான் தைத்திருந்தாள். ஓரத்தில் மூன்று வரிசைத் தையல். நான் பதினோரு வருடத்தில் பார்த்த கூடாரங்களில் அதற்கு இணை இல்லை.

"ஏழாம் நம்பர் இடந்தான் வேணும்" என்றாள்.

"அங்க சரிவுங்க. மழை வேற வரப்போகுது. நாலாம் நம்பர் மேடு, நல்லாயிருக்கும்."

"ஏழு."

சரி, எனக்கென்ன என்று கூட்டிக்கொண்டு போனேன். உலைக்கு முன்னால் நின்றதும் என் நாக்கு அரிக்க ஆரம்பித்தது.

"இது நாப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி செத்த உலைங்க. எப்படிச் செத்துதுன்னு கேளுங்க. ராத்திரி ஷிப்டுக்குத் தலைவனா இருந்தவன் நல்லா குறட்டை விட்டுத் தூங்கிட்டான். காத்து அடிக்கிற துருத்தி நின்னுபோனது கூடத் தெரியல. உருகின இரும்பு உள்ளேயே உறைஞ்சு கெட்டியாயிடுச்சு. அப்புறம் உலையை என்ன பண்றது? அறுபது குடும்பம் தெருவுக்கு வந்துடுச்சு, ஒருத்தன் தூக்கத்தால. இன்னிக்கும் உள்ள அந்த இரும்பு பாறை மாதிரி கிடக்கு."

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது "அடப்பாவி" என்பார்கள். மகள் கூடாரக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். பெரியவர் கைத்தடியை ஊன்றி உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கினவன் யாரும்மா?" என்றார்.

"யாருக்குத் தெரியும்? ஊருல தூங்குமூஞ்சின்னு சொல்வாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் பெரியவர். கூடாரத் துணியை விரிக்கக் குனிந்துவிட்டார்.

சாயங்காலம் குடிதண்ணீர் வாளி கொண்டுபோனபோதுதான் மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, மத்தியானம் சொன்னீங்களே, அந்தத் தூங்குமூஞ்சி எங்கப்பாதான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு. வாளியைக் கீழே வைத்தேன், தூக்கினேன், மறுபடி வைத்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் இந்த ஊர்க்காரி கூட இல்ல. கேட்டதைச் சொன்னேன்."

"எல்லாரும் கேட்டதைத்தான் சொல்றாங்க. எங்க வீட்டுக்கே தூங்குமூஞ்சி வீடுன்னுதான் பேரு. பள்ளிக்கூடத்துல கரிவண்டிக்காரர் மகன் ஒருத்தன், நான் வகுப்புக்குள்ள நுழைஞ்சதும் குறட்டை விடுவான். மொத்த வகுப்பும் சேந்து விடும். எங்கம்மா குழாயடியில பேச்சு வாங்கியே செத்துப்போனா. அதெல்லாம் போகட்டும், அது வெறும் பேச்சு. வாய்க்கு வாய் தேஞ்சு ஒரு நாள் இல்லாமப் போயிடும்னு இருந்தேன். உங்க ஆபீஸ்ல சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அது தேயுமா?"

எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வன அதிகாரி வந்து உலைக்குப் பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பலகை திறக்கப்போகிறார். எனாமல் பலகை, ஆள் அகலம். திறக்கும்வரை மூடிவைக்கத் துணி தைக்கச் சொல்லி அவளுடைய பட்டறைக்குத்தான் வேலை போயிருக்கிறது. பலகை எழுதிய கடைக்கு அளவெடுக்கப் போனபோது எழுத்தைப் படித்திருக்கிறாள்.

அவளை ஆபீசுக்குக் கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கினேன். அதுவரை நானும் முழுக்கப் படித்திருக்கவில்லை. கடைசி இரண்டு வரி இது: *பணிநேரத் தலைவரின் உறக்கத்தால் உலை அணைந்தது. உறைந்த இரும்பு இன்றும் உள்ளே உள்ளது.*

"அதிகாரிகிட்டப் போனேன்" என்றாள். "அப்பா தூங்கல, மேஸ்திரி சொல்லித்தான் உலையைக் காலி பண்ணி அணைச்சாரு, வாயைத் திறந்து பாருங்க, ஒரு துளி இரும்பு இருக்காதுன்னேன். ஆதாரம் இருக்கான்னாரு. அந்தச் செங்கல்லுக்குப் பின்னாடி இருக்குன்னேன். சிதைவுல ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது, பதினோராவது விதின்னாரு. எப்படி இருக்கு? திறக்காம ஆதாரம் இல்ல, ஆதாரம் இல்லாமத் திறக்க முடியாது."

உலையின் அடியில் ஒரு வளைவு உண்டு. அதுதான் வாய். உருகிய இரும்பு வெளியே வந்த வழி. உலை நின்ற மறுவாரமே முதலாளியின் ஆட்கள் அதைச் செங்கல் வைத்து அடைத்து, உச்சிக்கும் இரும்பு மூடி போட்டுவிட்டார்கள். அப்புறம் காடு வந்து மூடிக்கொண்டது. உள்ளே யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஏன் அடைத்தார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குக் கதை போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு ஏழாம் இடத்துக்குப் போனால், தார்ப்பாய்க்காரி முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அய்யய்யோ, என்னம்மா பண்றே? என் வேலைக்கு உலை வெச்சுடுவே போலிருக்கே!"

"வாசல்ல தொங்குற பலகையில ஒன்பதாவது விதி என்னக்கா?"

எனக்குப் பதினாலு விதியும் தலைகீழாகத் தெரியும். மழைக்காலத்தில் தங்குவோர் கூடாரத்தைச் சுற்றி வடிகால் வெட்டி, நீரைச் சரிவில் விட வேண்டும்.

"சரிவு எந்தப் பக்கம்?" என்றாள்.

சரிவு உலையின் பக்கம்தான். வளைவுக்கு நேராக. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் புருஷன் கூடாரத்துக்குள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். பெரியவர் மடக்கு நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, மழையையும் மகளையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பலாம். சளி பிடிக்கும்" என்றார்.

"பிடிக்கட்டும்" என்றாள் மகள்.

"நாப்பத்தாறு வருஷம் போச்சு. இன்னும் எனக்கு எத்தனை நாளு? பலகையை நான் படிக்கவா போறேன்?"

"நான் படிப்பேன். என் மக படிப்பா. பள்ளிக்கூடத்துலேருந்து வருஷா வருஷம் இங்கதான் கூட்டிட்டு வர்றாங்க. எல்லாப் புள்ளைங்களும் நின்னு சத்தமாப் படிக்கும். உங்களுக்கு வேணாம்னா சும்மா உக்காருங்கப்பா. என்னைத் தடுக்காதீங்க."

ரொட்டிக்காரன் எனக்கொரு ரொட்டித் துண்டில் அவித்த உருளைக்கிழங்கை மசித்து வைத்துக் கொடுத்தான். "அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் இருபத்தி மூணு வருஷமா அடுப்பு முன்னாடி நிக்கிறேன். தூங்காம எவன் இருப்பான்? நானும் தூங்கியிருக்கேன், நின்னுக்கிட்டே. ஆனா அடுப்புச் சத்தம் கொஞ்சம் மாறினாப் போதும், பொண்டாட்டி கத்தினாக்கூட முழிக்காதவன் டக்குனு முழிச்சுக்குவேன். துருத்திச் சத்தம் நின்னா இடி நின்ன மாதிரி இருக்குமாம். அதுல ஒருத்தன் குறட்டை விட்டான்னா எவனாவது நம்புவானா? நெருப்பு முன்னாடி நிக்காதவன்தான் நம்புவான்."

"என்னை ஏன் குத்துறே? நானும் நம்பினவதான்" என்றேன்.

"குத்தத்தான் குத்தினேன். தின்னுங்க, ஆறிடும்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, பேச்சாக மாறியது.

"சாயங்காலமே மேஸ்திரி வந்தான்மா. உலையை அணைக்கணும், ரிப்பேர் பாக்கணும், மொத்தத்தையும் இழுத்து விட்டுடுன்னான். நாங்க நாலு பேரு. விடிய விடிய இழுத்தோம். இரும்பு, கசடு, அடிச்சாம்பல் வரைக்கும் முன்சுவரை உடைச்சு வாரினோம். அப்புறம் வீட்டுக்குப் போன்னான். போனேன். மறுநாள் கதவுல பூட்டு. உலை செத்துப்போச்சு, ஷிப்ட் தலைவன் தூங்கிட்டான்னு ஒரு தாள். மத்த மூணு பேருக்கும் தூரத்துல வேற வேலை போட்டு வண்டியேத்திட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. இவ அம்மா ரெண்டாவது மாசமா இருந்தா, வண்டியில போகக் கூடாதுன்னாங்க. நான் தங்கினேன். தங்கினவன் தலையில விழுந்துச்சு."

"ஏன் அப்படிப் பண்ணினாங்க?"

"முதலாளியா மூடினா அறுபது குடும்பத்துக்கும் பதில் சொல்லணும். உலையே செத்துப்போச்சுன்னா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அவன்கிட்டக் கேட்டுக்கன்னு என்னைக் காட்டினாப் போதும்." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு வருஷம் சொல்லிப் பாத்தேன். வாயைத் திறந்து பாருங்கடான்னு டீக்கடையில நின்னு கத்தினேன். சிரிச்சாங்க. விட்டுட்டேன். எனக்கு அவங்க மேல கூடக் கோபம் இல்லம்மா. போன்னு சொன்னதும் போனேன் பாரு, அந்தக் கால் மேலதான் கோபம். அங்கேயே நின்னிருக்கணும்."

வெளியே மண்வெட்டி கல்லில் மோதி ணங் என்றது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். மகள் வளைவின் இடதுபக்கம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகம் கோணியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். மறுபடி ணங். அவ்வளவுதான், கம்பளியை உதறிவிட்டுக் கைத்தடியோடு மழையில் இறங்கிவிட்டார்.

"எங்க தோண்டுறே நீ? அங்க அடிக்கல் இருக்கு, ஆறு மாசம் தோண்டினாலும் அசையாது. வலது பக்கம் வா. இங்க மணல். இரும்பு ஓடுறதுக்கு நாங்க போட்ட மணல். அந்தப் பயலுங்க அதுக்கு மேலயே செங்கல்லை அடுக்கியிருக்கானுங்க, அஸ்திவாரம் கிஸ்திவாரம் ஒண்ணும் கிடையாது. வாய்க்காலை இங்க திருப்பு. ஒரு கல்லையும் தொடாதே. தண்ணி போனா மணல் போகும், மணல் போனா சுவரு தானா உக்காரும்."

மகள் மண்வெட்டியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் மழை. "இதை நேத்தே சொல்றதுக்கென்ன?" என்றாள்.

"நீ கேட்டியா?"

"கிளம்பலாம் கிளம்பலாம்னு உயிரை வாங்கினீங்களே!"

"பேசாம வெட்டு."

அன்று முழுக்க மூவரும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். நானும் ஒரு மணி நேரம் வெட்டினேன், சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் *ஏழாம் இடம், ஒன்பதாம் விதிப்படி வடிகால் அமைக்கப்பட்டது, மேற்பார்வை செய்யப்பட்டது* என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சனிக்கிழமை மதியம் மழை விட்டபோது சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. கிழவி ஒருத்தி பெருமூச்சு விட்டு உட்கார்ந்த மாதிரிதான். வளைவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் திறப்பு. ஈரமான காற்று வெளியே வந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கம்பி. ஆள் நீளம், கை மணிக்கட்டுக் கனம், செதில் செதிலாகத் துரு. வாய்க்கு உள்பக்கம் இரண்டு கல்லின் மேல் குறுக்காக வைத்திருந்தது.

பெரியவர் அதைத் தொடவில்லை. 

"வெச்சது அப்படியே இருக்கு" என்றார். "உலையை முறையா அணைச்சா வாயில கம்பியைக் குறுக்க வெக்கணும். அடுத்து வர்றவனுக்கு அடையாளம். இது செத்த உலை இல்ல, அணைச்ச உலை, காலியா இருக்கு, பயப்படாம உள்ள போகலாம்னு. மேஸ்திரி போன்னான். இதை வெச்சுட்டுத்தான் போனேன். அடைக்க வந்த கொத்தனுக்கு இது என்னன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா எடுத்து எறிஞ்சிருப்பான்."

மகள் விளக்கோடு கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். நாங்கள் வெளியே நின்றோம். "என்ன இருக்கு?" என்று ரொட்டிக்காரன் கத்தினான்.

 அப்புறம் அவள் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. உலையின் வயிற்றுக்குள் அது சுற்றிச் சுற்றி எழும்பி, நாலு பேர் அழுவது போல வந்தது.

"ஒண்ணுமே இல்லப்பா" என்றாள். "பெருக்கி விட்ட மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்ல."

ஞாயிறு காலை பத்து மணிக்கு விழா. ஒன்பதுக்கே அதிகாரி வந்துவிட்டார். பலகையை முந்தின வாரமே நட்டிருந்த கம்பங்களில் மாட்டி, தார்ப்பாய்த் துணியால் மூடியாகிவிட்டது. அவர் உலையைப் பார்த்தார், திறந்திருந்த வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மழையில சுவர் உக்காந்துடுச்சு சார்."

"சுவர் தானா உக்காருமா?"

"வடிகால் தண்ணி சார். ஒன்பதாவது விதி. பதிவேட்டுல எழுதியிருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை. காலையில் வந்து ரிப்பன் வெட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக நினைக்கிற மனுஷர். ஆனால் ஊர்க்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், நூறு பேர் இருக்கும். அவருக்கு வியர்த்தது. "இப்போதைக்கு ஒரு துணியைப் போட்டு அதை மூடு. விழா முடியட்டும். எழுத்தெல்லாம் மேலிடத்துல ஒப்புதல் ஆகி வந்தது. ஒரு வரி மாத்தணும்னா ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும் சார். அதுவரைக்கும் திறக்காதீங்க" என்றாள் தார்ப்பாய்க்காரி, என் பின்னாலிருந்து.

"நீங்களா? உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேனேம்மா, ஆதாரம்..."

"உள்ள உறைஞ்ச இரும்பு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. காட்டுங்க. எல்லாரும் வந்திருக்காங்க. அந்த இரும்பைக் காட்டிட்டு ரிப்பனை வெட்டுங்க. நானே கை தட்டுறேன்."

கூட்டம் நெருங்கி வந்தது. அதிகாரி என்னிடம் பல்லைக் கடித்தார். "துணியை இழுத்து மூடுன்னு சொன்னேன்ல?"

அந்த வேலை எனக்கு வேண்டும். எனக்கும் வயிறு இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது. ஆனாலும் பதினோரு வருடம் அந்த மனுஷனைக் கொட்டாவி விடவைத்து, குறட்டை விடவைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் சிரிக்கவைத்த வாய் என்னுடையது.

"முடியாது சார்" என்றேன். "உள்ள ஆள் இருக்கு."

அப்போதுதான் உலைக்குள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பத்தாறு வருடம் பேசாமல் வைத்திருந்தது முழுவதையும் கல் சுவர் வாங்கித் திருப்பி அடித்தது.

"இரும்பு எங்கடா?"

கூட்டம் அப்படியே நின்றது.

"தேடிப் பாத்துட்டேன். ஒரு ஆணி செய்யக்கூடக் காணோம். எவன்டா சொன்னான் உள்ள இருக்குன்னு? வந்து காட்டச் சொல்லு!"

கூட்டத்திலிருந்து நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவன் முன்னால் வந்தான். "அவன்தான்க்கா" என்று தார்ப்பாய்க்காரி என் காதோரம் சொன்னாள். கரிவண்டிக்காரரின் மகன், வகுப்பில் குறட்டை விட்டவன். அவன் யாரையும் பார்க்காமல் நேரே வாயருகே போய்க் குனிந்தான். உள்ளே பார்த்தான். பிறகு கம்பியைப் பார்த்தான். அதன் மேல் விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"எங்கப்பா சொல்லியிருக்காரு" என்றான், கூட்டத்தைப் பார்த்து. "கம்பி குறுக்க இருந்தா அது அணைச்ச உலை. தூங்கினவன் இதை வெக்க முடியாது." அப்புறம் உள்ளே குனிந்து, "ஐயா, தப்புப் பண்ணிட்டோம். வெளிய வாங்க" என்றான்.

"வர மாட்டேன்."

அதிகாரியும் குனிந்தார். பாவம், சட்டை முழுக்கக் கரி. "பெரியவரே, பாத்துட்டோம். ஒத்துக்குறோம். நான் மேல எழுதிப் போடுறேன். இப்ப வெளிய வாங்க, உள்ள இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போங்க."

"அன்னிக்கும் இப்படித்தான் ஒருத்தன் வீட்டுக்குப் போன்னான், போனேன்" என்றார் பெரியவர். குரல் இப்போது சாதாரணமாகத்தான் இருந்தது. "இன்னிக்குப் போக மாட்டேன். அந்த ரெண்டு வரி அங்கேருந்து போகட்டும். அப்புறம் நான் போறேன்."

ரிப்பன் வெட்டப்படவில்லை. துணியும் விலக்கப்படவில்லை. அதிகாரி வண்டியில் ஏறுமுன் என்னிடம் வந்து, "அவங்க சீட்டு இன்னியோட முடியுதுல்ல? காலி பண்ணச் சொல்லு" என்றார்.

ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். ஏழாம் இடம். மூன்று பேர். வந்த நாள் வியாழன். போகும் நாள் என்ற கட்டத்தில் ஞாயிறு என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை அடித்தேன். கட்டம் சின்னது, எழுத்தை நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது: *பலகை மாறும்வரை.*

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, கெட்டிலில் தண்ணீர் ஏற்றினேன். ஏழாம் இடத்துக்கு நாலு டம்ளர் தேநீர் கொண்டுபோனபோது ரொட்டிக்காரன் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். கரிவண்டிக்காரரின் மகன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வாய்க்காலை ஆழப்படுத்திக்கொண்டிருந்தான், மறுபடி மழை வரும் போலிருந்தது. தார்ப்பாய்க்காரி கம்பிக்கு அடியில் கையை நீட்டி டம்ளரை உள்ளே கொடுத்தாள்.

"சர்க்கரை போட்டிருக்கா?" என்றார் அவர், உள்ளேயிருந்து.